உள்வட்டத்துப் பன்றிகள்

பன்றிகள் விஷயத்தில் அரசாங்கம் அவசரப்பட்டுவிட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது. பன்றித் தரகர் வீட்டுக் கொல்லையில் ஒரு பன்றி காது சிவந்து, நடை தள்ளாடி, தண்ணீர்த் தொட்டியில் தலையைச் சாய்த்தபடி செத்துப்போனது. அதன் ரத்தம் தலைநகரத்துக்குப் போய், தொற்றுநோய்தான் என்று உறுதியாகித் திரும்பி வருவதற்குள் தரகரிடம் மிச்சமிருந்த பன்றிகளும் செத்து, புதைத்த இடத்தில் கீரை முளைத்து, அதை ஒருமுறை பறித்தும் ஆகிவிட்டது. ஆனாலும் துறை தன் கடமையிலிருந்து வழுவவில்லை. முடிவு வந்த மறுநாளே சுவரில் வரைபடத்தை மாட்டி, தரகர் வீட்டின் மேல் கவராயத்தின் ஊசியைக் குத்தி, ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்கு அழகான வட்டம் ஒன்றைப் போட்டது.

போட்டவர் கால்நடைத் துறை அதிகாரி. அன்றிலிருந்து ஊர் அவரை ‘வட்டம்’ என்றே அழைத்தது. அவருடைய முகமும் வயிறும் அந்தப் பெயருக்கு முழு ஒத்துழைப்பு அளித்தன.

செய்தி வந்தபோது பண்ணையக்கா கொட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா விட்டுப்போன நிலத்தை அவளும் தங்கச்சியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குச் சந்து விட்டு, ஆளுக்கொரு பன்றிப் பண்ணை வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கச்சி. பன்றிகள் உறுமினால் எது யாருடையது என்று சந்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

வட்டத்துக்குத் தெரிந்தது. பென்சில் கோடு சரியாக அந்தச் சந்தின் மேல் போயிருந்தது. தங்கச்சி உள்ளே, அக்கா வெளியே.

அறிவிப்பை அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். அவர் அதிகம் பேசாதவர். எதைச் சொன்னாலும் ‘சரி’ என்பார். வேண்டாம் என்று நினைத்தால் கொஞ்சம் தாமதித்துச் ‘சரி’ என்பார்.

“‘வட்டத்துக்கு உட்பட்ட பன்றிகள் அனைத்தும், நோய் இருப்பினும் இல்லாவிடினும், மனிதாபிமான முறையில் அப்புறப்படுத்தப்படும். உரிமையாளர்களுக்கு உரிய இழப்பீடு வழங்கப்படும்.’”

“அப்பாடா, நாம வெளியே!” என்றாள் அக்கா.

“இன்னும் இருக்கு. ‘வட்டத்துக்கு வெளியே உள்ள பன்றிகளை விற்கவோ, அறுக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. மறு உத்தரவு வரும்வரை உரிமையாளர்கள் தம் சொந்தச் செலவில் அவற்றைப் பூரண ஆரோக்கியத்துடன் பராமரித்து வர வேண்டும். நோயிலிருந்து தப்பித்த மகிழ்ச்சியை வெளிப்படுத்தும் பொருட்டு, பன்றி ஒன்றுக்கு மாதந்தோறும் நன்றிக் கட்டணம் செலுத்த வேண்டும். உள்வட்டத்தாருக்கான இழப்பீடு மேற்படி கட்டணத்திலிருந்தே வழங்கப்படும்.’”

அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“விற்கக் கூடாது?”

“கூடாது.”

“தீனி போடணும்?”

“பூரண ஆரோக்கியத்துடன்.”

“அதுக்கு மேல தங்கச்சி பன்னிக்கு நான் காசு கட்டணும்?”

வீட்டுக்காரர் அறிவிப்பை இன்னொரு தடவை பார்த்தார். “மகிழ்ச்சியோட கட்டணும்” என்றார்.

அப்புறப்படுத்தும் குழு சந்தின் அந்தப் பக்கத்துக்கு வந்த அன்று தங்கச்சி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அக்கா கோட்டைத் தாண்டிப் போய் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். குட்டி போட்டிருந்த பன்றிகளைக்கூட விடவில்லை. மாலைக்குள் கொட்டில் காலி. சுண்ணாம்பு தூவிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரிச் சோறு தங்கச்சி வீட்டுக்கு அக்கா வீட்டிலிருந்துதான் போனது.

அது அன்றைக்கு. தங்கச்சிக்கு இழப்பீடு சாங்ஷன் ஆனதாகக் கடிதம் வந்த பிறகு ஊரின் பேச்சு மாறிவிட்டது. பணம் வரவில்லை, கடிதம்தான் வந்தது. ஆனால் முத்திரை குத்திய கடிதம். அதைக் காட்டினால் எல்லாக் கடையிலும் கடன் கிடைத்தது. மளிகைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். தங்கச்சி முதலில் ஒரு மின்விசிறி வாங்கினாள், பிறகு பீரோ வாங்கினாள், பிறகு அந்த பீரோவில் வைக்கத் துணி வாங்கினாள்.

உள்வட்டம் என்பது மெல்ல மெல்ல ஒரு அந்தஸ்தாகிவிட்டது. டீக்கடைக்காரர் பலகையில் ‘உள்வட்டத் தேநீர் நிலையம்’ என்று எழுதி விலையை ஏற்றினார். குடித்தவர்கள் ருசியே தனி என்றார்கள். தையல்காரர் வட்டக் கழுத்து வைத்த சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பும் அதே கழுத்தைத்தான் தைத்துக்கொண்டிருந்தார், பெயர்தான் இல்லாமல் இருந்தது. கல்யாணத் தரகர்கள் பையனின் படிப்பைக் கேட்பதை விட்டுவிட்டு, “உள்ளேயா, வெளியேயா?” என்று மட்டும் கேட்டார்கள். தங்கச்சி நடக்கும்போது தலை கொஞ்சம் மேலே நிமிர்ந்திருந்தது.

“உங்களுக்கு என்னக்கா, பன்னியெல்லாம் நல்லா இருக்கு” என்பாள் சந்தில் நின்று, அனுதாபமாக.

இருந்தன. அதுதான் சிக்கல். பண்ணையக்காவின் பன்றிகள் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருத்தன. விற்க வேண்டிய வயதைத் தாண்டியும் நின்றன. தீவனக்கடைக்காரர், “தவிடு கேக்காதீங்கக்கா. பழைய பாக்கியைக் கொடுங்க, இல்லேன்னா உள்வட்டக் கடிதம் ஏதாவது கொண்டுவாங்க” என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றிலும் மூத்தது கருப்பி என்ற தாய்ப்பன்றி. வாளிச் சத்தம் கேட்டதும் முன்னங்காலைத் தடுப்புச் சுவரில் வைத்து எட்டிப் பார்க்கும். காலி வாளி என்று தெரிந்தாலும் கோபித்துக்கொள்ளாது. காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும். அது அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் அவள் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

வட்டம் மேசைக்குப் பின்னால் இருந்தார். பின்சுவரில் வரைபடம் இருந்தது.

“ஐயா, வட்டத்தைக் கொஞ்சம் பெரிசாப் போட்டா என்ன?”

“எவ்வளவு பெரிசா?”

“ஒரு சந்து அகலம். அவ்வளவுதான்.”

“அம்மா, ஆரம் சட்டத்துல இருக்கு. சட்டத்தை நான் இழுத்து நீட்ட முடியுமா?”

“அப்ப கோட்டையாவது கொஞ்சம் தடிமனாப் போடுங்க.”

“பென்சிலும் சட்டத்துல இருக்கு.”

அக்கா யோசித்தாள். “எங்க பன்னிக்கும் அதே காத்துதானே வீசுது? சந்தைத் தாண்டி நோய் வராதா?”

“வராது. பின்னே கோடு எதுக்குப் போட்டிருக்கோம்?”

“வராதுன்னா என் பன்னியை விற்க விடுங்களேன்.”

“வந்துட்டா என்ன பண்றது?”

“இப்பத்தானே வராதுன்னு சொன்னீங்க?”

வட்டம் பெருமூச்சு விட்டார். படிக்காதவர்களுக்கு நிர்வாகத்தை விளக்குவது எளிதல்ல. “வராதுங்கறது துறையோட நிலைப்பாடு. வரலாம்ங்கறது முன்னெச்சரிக்கை. ரெண்டும் வேற வேற ஃபைல் அம்மா. நீங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கறீங்க.”

அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. வட்டம் கெட்டவர் அல்ல. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு வழி இருக்கு. உங்க பன்னி ஒண்ணுக்கு நோய் வரட்டும். அது நிக்கிற இடத்தை மையமா வச்சுப் புதுசா ஒரு வட்டம் போட்டுத் தரேன். நீங்க ஓரத்துல இருக்க மாட்டீங்க, நட்டநடுவுல இருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“ரொம்ப நன்றிங்கய்யா” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பாதி வழி நடந்த பிறகுதான் எதற்காக நன்றி சொன்னோம் என்று உறைத்தது.

இருந்தாலும் மறுநாள் கால்நடை டாக்டரை வரவழைத்தாள். அவர் இளைஞர், வேலைக்குப் புதியவர். ஒவ்வொரு பன்றியாகச் சூடு பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், கருப்பியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

“ஒரு குறையும் இல்லக்கா! இந்தப் பக்கத்திலேயே இவ்வளவு ஆரோக்கியமான பன்னிங்களை நான் பார்த்ததில்லை.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தேன்.”

“லேசா ஒரு இருமல் மாதிரி...”

“இல்லவே இல்லை. வாழ்த்துகள்!”

அவர் போன பிறகு அக்கா கொட்டிலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அழுதாள். தங்கச்சி அழுதது பன்றிகள் செத்ததற்கு. இவள் அழுதது அவை நன்றாக இருந்ததற்கு. கருப்பி வந்து அவள் முழங்காலில் மூக்கை இடித்தது.

இந்த நிலையில்தான் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இதில் தலையிட்டார். மக்கள் பிரதிநிதிகளுக்கு மக்கள் மேல் இருக்கும் அக்கறை அளவிட முடியாதது. அந்த மக்களில் அவருடைய மாப்பிள்ளையும் ஒருவர். மாப்பிள்ளையின் பண்ணை வட்டத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்து வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

“வட்டம்னா உருண்டையாத்தான் இருக்கணும்னு சட்டத்துல எங்கே எழுதியிருக்கு?”

துறையின் சட்ட ஆலோசகர்கள் தேடினார்கள். எங்கும் எழுதியிருக்கவில்லை. இத்தனை காலம் வட்டத்தை உருண்டையாகப் போட்டு வந்தது வெறும் பழக்கம்தான் என்று தெரியவந்தது. அன்று மாலையே வட்டத்திலிருந்து ஒரு நீண்ட பிடி முளைத்து, ஆற்றைத் தாண்டி, மாப்பிள்ளையின் பண்ணையை அணைத்துக்கொண்டது. வட்டம் இப்போது வாணலி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கவராயம் மேசை டிராயருக்குள் போய்விட்டது. ஒப்பந்தக்காரரின் மச்சானுக்காக வாணலிக்கு ஒரு கால் முளைத்தது. பள்ளித் தாளாளருக்காக ஒரு மூக்கு. பன்றியே இல்லாத மருந்துக் கடைக்காரர்கூடக் கௌரவத்துக்காகத் தன் கடையை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டார். வளைவுகள் போட்டுப் போட்டு அதிகாரி வட்டத்துக்குக் கை வலித்தது. வலிக்குத் தனியாகப் படி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்.

இதில் ஒரு சின்ன விளைவு இருந்தது. உள்ளே போகப் போக வெளியே ஆட்கள் குறைந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் இழப்பீட்டை வெளியே இருப்பவர்கள்தான் கட்ட வேண்டும். ஆகவே வெளியே மிஞ்சியவர்களின் நன்றி மாதத்துக்கு மாதம் அதிகமாகிக்கொண்டே போனது. பண்ணையக்காவின் நன்றி தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது.

“இனிமே சும்மா இருக்க முடியாது” என்றாள் வீட்டுக்காரரிடம். “ஊர்வலம் போகணும்.”

அவர் கொஞ்சம் தாமதித்து, “சரி” என்றார்.

ஊர்வலம் பெரிதாக இருந்தது. வெளிவட்டத்தார் எல்லாரும் வந்தார்கள். முன்வரிசையில் பண்ணையக்கா. அவள் வாழ்க்கையில் அதுவரை சத்தம் போட்டது பன்றிகளிடம்தான். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை.

“ஓரவஞ்சனை ஒழிக!”

“ஒழிக! ஒழிக!”

“நோய் எங்கள் உரிமை!”

“உரிமை! உரிமை!”

“அவங்களுக்கு மட்டும் காய்ச்சல், எங்களுக்கு மட்டும் ஆரோக்கியமா?”

இதற்குப் பதில் முழக்கம் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. எனவே எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு நிருபர் அவள் முன்னால் மைக்கை நீட்டி, “உங்க கோரிக்கை என்ன?” என்று கேட்டார். “என் பன்னிங்களையும் கொல்லணும்” என்று தெளிவாகச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அது தொலைக்காட்சியில் மிக நன்றாக வந்தது. திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அரசாங்கம் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தது. நோய் ஒரு சிலருக்கு மட்டுமே உரியது என்ற பாகுபாடு களையப்பட்டு, மாகாணம் முழுவதும் உள்வட்டமாக அறிவிக்கப்பட்டது. அன்றைக்குத் தெருவில் பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். தங்கச்சி சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். மளிகைக்காரர் நாற்காலி போட்டார். தீவனக்கடைக்காரர் ஒரு மூட்டை தவிட்டைத் தானே தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கி, “பாக்கியெல்லாம் மெதுவாக் குடுங்கக்கா” என்றார்.

எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார், “அப்ப நாளைக்கு வந்துடுவாங்க.”

“யாரு?”

“கொல்றவங்க.”

அக்கா தவிட்டு மூட்டையைப் பார்த்தாள். ஊர்வலம், முழக்கம், மைக் என்று ஓடியதில் இந்த ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவே இல்லை. மூட்டையைப் பிரித்து அன்று வாளி வாளியாகக் கொட்டினாள். அளக்கவில்லை.

குழு காலையில் வந்தது. குழுத் தலைவன் கொட்டிலை எட்டிப் பார்த்து, “எது நோய்ப் பன்னி?” என்று கேட்டான்.

“எதுக்கும் நோய் இல்லை” என்றாள் அக்கா.

“அப்புறம் எதுக்குக் கொல்றோம்?”

“வட்டத்துக்குள்ள இருக்கே.”

அவன் தலையாட்டினான். தினமும் கேட்டுக் கேட்டு அவனுக்கும் அது பழகிவிட்ட பதில். கருப்பியின் முறை வந்தபோது அது அவன் கையில் இருந்ததை வாளி என்று நினைத்துக்கொண்டு முன்னங்காலைச் சுவரில் வைத்து எட்டிப் பார்த்தது. “நல்ல சாதியா இருக்கே” என்றான் அவன், நிஜமான வருத்தத்தோடு. அக்கா காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை, அவன்தான் மெதுவாக எடுத்துவிட்டான்.

அப்புறம் சுண்ணாம்பு. அப்புறம் அமைதி. சந்தின் இரண்டு பக்கமும் இப்போது ஒரே மாதிரி இருந்தது.

கடிதம் வந்தது. பணம் வரவில்லை. வாரங்கள் போயின. மளிகைக்காரர் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பீரோக் கடைக்காரர் தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார். கடைசியில் ஒருநாள் அக்காவும் தங்கச்சியும் அலுவலகத்துக்குப் போனார்கள். போனால் ஊரே அங்கே நின்றது. மாப்பிள்ளை, ஒப்பந்தக்காரரின் மச்சான், மருந்துக் கடைக்காரர், முதல் பன்றியைப் பறிகொடுத்த தரகர், எல்லார் கையிலும் அதே முத்திரைக் கடிதம்.

வட்டம் வெளியே வந்து எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சிரித்தார்.

“எல்லாருக்கும் சாங்ஷன் ஆயிடுச்சு. வாழ்த்துகள்.”

“கையில எப்பய்யா வரும்?” என்றாள் அக்கா.

“வெளிவட்டத்தாரோட நன்றிக் கட்டணம் வந்ததும்.”

“வெளிவட்டத்துல இப்ப யாரு இருக்காங்க?”

வட்டம் உள்ளே போனார். எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வரைபடத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தார், மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு அதை லேசாகத் தூக்கி, பின்னால் இருந்த சுவரையும் பார்த்தார். திரும்பி வந்தார்.

“யாரும் இல்லை.”

கூட்டம் உறுமியது. “அப்ப நாங்க என்ன பண்றது?” என்று கத்தினார் மாப்பிள்ளை.

“பதற்றப்படக் கூடாது. யாராவது ஒரு சிலர் சமூக அக்கறையோட வெளியே போக முன்வந்தா போதும். அவங்ககிட்ட வசூல் பண்ணி மத்தவங்களுக்குப் பட்டுவாடா பண்ணிடலாம். துறை தயாரா இருக்கு.”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீங்க போங்களேன், உங்களுக்குத்தான் பன்னியே கிடையாதே” என்றார் மாப்பிள்ளை, மருந்துக் கடைக்காரரிடம்.

“முதல்ல முளைச்சது உங்க பிடிதான். நீங்க போங்க” என்றார் அவர்.

“அக்கா” என்றாள் தங்கச்சி மெல்ல. “நீ ஏற்கெனவே வெளியே இருந்து பழகினவ தானே...”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். “அன்னைக்கு உனக்குச் சோறு கொண்டுவந்தேன்டி” என்றாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் இரண்டு பேர் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வட்டக் கழுத்தாக இருந்ததால் பிடி வசதியாகக் கிடைத்தது.

நிலைமை கைமீறப் போகும் நேரத்தில் குமாஸ்தா ஒரு தாளோடு வந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். முன்னால் நின்றவர் வாசித்தார். எங்கோ ஒரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டிருக்கிறது. பறவைகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு வட்டம் விரைவில் போடப்படும். மையம் இன்னும் முடிவு செய்யப்படவில்லை. விருப்பமுள்ளவர்கள் தம் வீட்டை மையமாகக் கொள்ள விண்ணப்பிக்கலாம்.

உறுமல் நின்றது. பிடித்த கழுத்துகளை விட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே, அலுவலக வாசலிலிருந்து தெருக்கோடி வரை ஒரு வரிசை உருவாகியிருந்தது. அவ்வளவு ஒழுங்கான வரிசையை அந்த ஊர் பார்த்ததில்லை. முதல் ஆளாக ஜன்னலருகே நின்றவள் பண்ணையக்கா.

“அக்கா” என்று பின்னாலிருந்து முந்தானையை இழுத்தாள் தங்கச்சி. “நம்மகிட்ட கோழியே இல்லையேக்கா?”

“தள்ளாம நில்லுடி” என்றாள் அக்கா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல்ல வட்டம் கிடைக்கட்டும். கோழியை அப்புறம் வாங்கிக்கலாம்.”